போகுஷாவின் அறுபத்து நான்காவது கச்சேரி

என் மனைவி போகுஷாவின் உயரம் நூற்று நாற்பத்தெட்டு சென்டிமீட்டர். குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. நாற்பது வருஷம் நில அளவையாளனாக வேலை பார்த்தவன் நான். கல்யாணமான வாரமே அவளைக் கதவு நிலையோரம் நிற்கவைத்து அளந்துவிட்டேன். அதற்காக அவள் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. உயரம் மட்டும் அப்படியேதான் இருந்தது.

இந்த உயரத்தை வைத்துக்கொண்டு முப்பத்து மூன்று வருஷமாக ஒரே பாட்டுக் குழுவின் பின்னால் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறாள். குழுவின் பெயர் ஈரத் தீக்குச்சிகள். நான்கு ஆண்கள். ஆரம்பித்தபோது நால்வருக்கும் தோள்வரை முடி இருந்தது, இப்போது நால்வருக்கும் சேர்த்து ஒரு தலைக்கு ஆகும். போன மே மாதம் அவள் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கணக்கு அறுபத்தோரு கச்சேரி.

"அறுபத்தோரு தடவ கேட்டிருக்கேன் ஸெனெக், ஒரு தடவகூடப் பாத்ததில்ல" என்று என்னிடம் சொல்வாள்.

பொய்யில்லை. எங்கள் வூச் நகரத்தில் அவள் டிராம் ஓட்டினாள். டியூட்டி முடித்து, சீருடையை மாற்றியும் மாற்றாமலும் ரயில் பிடித்து ஓடுவாள். போய்ச் சேரும்போது அரங்கம் நிரம்பியிருக்கும். அப்புறம் அவள் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் முதுகுகள்தான். போலந்து ஆண்களின் முதுகைப் பற்றி அவளைக் கேட்டால் தோல் ஜாக்கெட்டின் எந்தத் தையல் முதலில் பிரியும் என்பதுவரை சொல்லுவாள்.

அந்தக் குழுவின் மேல் அவளுக்கு அப்படி என்ன பைத்தியம் என்று என்னிடம் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். 'நாலரை மணி' என்று அவர்களுடைய ஒரு பாட்டு இருக்கிறது. டிப்போவிலிருந்து விடியற்காலையில் வெளியே வரும் முதல் டிராமைப் பற்றியது. பாட்டின் நடுவில் எல்லா வாத்தியமும் நின்றுவிடும். சத்தமே இருக்காது. அப்போது ஒரு டிராம் மணி மூன்று முறை அடிக்கும். நிஜமான மணி. பழைய வண்டிகளில் ஓட்டுநர் காலால் அழுத்தும் மணியை எங்கிருந்தோ வாங்கி வந்து, டிரம்ஸ் வாசிப்பவர் தன் முக்காலியின் பக்கத்தில் தரையில் பொருத்தி வைத்திருக்கிறார். ஒரு ஜனவரி மாதம், டிப்போவின் டீ அறையில் யாரோ போட்ட கேசட்டில் போகுஷா அதை முதன்முதலாகக் கேட்டாள். வெளியே பனி, கையில் நேற்று பிசைந்த மாவுபோல உணர்ச்சியே இல்லை, இன்னும் பத்து நிமிஷத்தில் வண்டியை எடுக்கவேண்டும்.

"அந்த நேரத்துல நான் ஒருத்தி முழிச்சிருக்கேன்னு எவனுக்கோ தெரிஞ்சிருக்கு பாரு" என்று வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாள். சொல்லும்போது அழுதாள். போகுஷா அழுது நான் பார்த்தது மொத்தமே இரண்டு தடவை.

அதே டீ அறையில்தான் சண்டையும் ஆரம்பித்தது. கெரார்ட் என்று அவளோடு வேலை பார்த்த ஒரு முரடன். அந்த மணியை டிரம்ஸ்காரர் கால்விரலால் அழுத்துகிறார் என்றான் அவன். குதிகாலால் என்றாள் இவள். குதிகாலால் அழுத்தினால்தான் ஓசை முழுசாக வரும், விரலால் அழுத்துவது சோம்பேறி ஓட்டுநரின் பழக்கம் என்பது அவள் கட்சி. டிப்போவே இரண்டாகப் பிரிந்துவிட்டது. வீடியோக்களில் தேடியாயிற்று. படம் பிடிப்பவனுக்கெல்லாம் பாடகனின் மூஞ்சிதான் வேண்டியிருக்கிறது, டிரம்ஸ்காரரின் பாதத்தை எவன் எடுப்பான்?

"ஒரு கடிதாசி போட்டுக் கேட்டுடேன்" என்றேன் ஒருமுறை.

"கேக்கற விஷயமில்ல இது. பாக்கணும்."

ஓய்வு பெற்ற மாதமே செய்தி வந்தது. டிரம்ஸ்காரருக்குத் தோள் போய்விட்டதாம். இந்தக் கோடைச் சுற்றுப்பயணத்தோடு நிறுத்திக்கொள்கிறார். அவருக்குப் பதில் வரப்போகும் இளைஞன் எல்லாச் சத்தத்தையும் ஒரு சின்னப் பெட்டியிலிருந்து வரவழைப்பானாம். மிச்சம் மூன்று கச்சேரி: வ்ரோத்ஸ்வாஃப், போஸ்னான், க்டான்ஸ்க். போகுஷா சுவரில் இருந்த காலண்டரில் மூன்று வட்டம் போட்டாள்.

"இந்த மூணுல அந்தக் காலைப் பாக்காம சாக மாட்டேன்."

"பாத்துட்டு?"

"பாத்துட்டும் சாக மாட்டேன். முதல்ல கெரார்டுக்குப் போன் பண்ணணும்."

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்தச் சத்தம் ஆகாது. எனக்குப் பிடித்தது கோபுரங்கள், கோட்டைகள், பழைய நகர மன்றங்கள். ஊர் சுற்றிப் பார்ப்போர் சங்கத்தின் சின்னக் குறிப்பேடு ஒன்று வைத்திருக்கிறேன். பார்க்கும் ஒவ்வொரு இடத்திலும் அதில் ஒரு முத்திரை வாங்கவேண்டும். முத்திரைகள் சேரச் சேரச் சங்கம் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று பதக்கம் கொடுக்கும். சிரிக்காதீர்கள், இந்த நாட்டில் என்னைப்போல ஆயிரக்கணக்கில் இருக்கிறோம். போகுஷா எந்த ஊருக்குக் கச்சேரிக்குப் போனாலும் நானும் கூடப் போவேன். ஸ்டேஷன் வாசலில் பிரிவோம். அவள் அரங்கத்துக்கு, நான் கோபுரத்துக்கு. 'கோபுரத்துக்கு வா' என்று ஒவ்வொரு ஊரிலும் கூப்பிட்டுப் பார்ப்பேன், வரமாட்டாள். முப்பத்து மூன்று வருஷமாக ஒரே ரயிலில் போய் ஒரே ரயிலில் திரும்பினோம், ஒரே பையிலிருந்து அவித்த முட்டை தின்றோம். ஆனால் இருவரும் சேர்ந்து பார்த்தது என்று எந்த ஊரிலும் எதுவும் இல்லை. அவள் மட்டும் ஒவ்வொரு தடவையும் இரண்டு டிக்கெட் வாங்குவாள். "வர்றியா?" என்பாள். "எனக்குக் காது வேணும்" என்பேன். அரங்க வாசலில் யாருக்காவது வாங்கின விலைக்கே கொடுத்துவிடுவாள்.

வ்ரோத்ஸ்வாஃபில் அவள் காலை பத்து மணிக்கே வாசலுக்குப் போய்விட்டாள். முன்னால் நாற்பது பேர்தான் இருந்தார்கள். பிரமாதம் என்று நினைத்திருக்கிறாள். கதவைத் திறந்ததும் நாற்பது பேரும் ஓடினார்கள், பின்னால் இருந்த நானூறு பேரும் ஓடினார்கள், அவள் மட்டும் மாட்டுச் சந்தையில் கைவிட்ட கூடைபோலப் பத்தாவது வரிசையில் கிடந்தாள். மறுநாள் காலை ரயிலுக்குப் போகிற வழியில், அந்த ஊர் முழுக்கத் தெருவோரம் நிற்கும் முழங்கால் உயர வெண்கலக் குள்ளர்களில் ஒருவனைக் காட்டி, "உங்க சொந்தக்காரங்க வழியனுப்ப வந்திருக்காங்க" என்றேன். முழங்கையால் ஒரு குத்து விட்டாள்.

போஸ்னானில் நிலைமை வேறு. நான் நகர மன்றத்தின் முன்னால் நின்று, நண்பகலில் கடிகாரத்துக்கு மேல் இரண்டு தகர ஆடுகள் வெளியே வந்து பன்னிரண்டு தடவை முட்டிக்கொள்வதைப் பார்த்து, முத்திரையும் வாங்கிக்கொண்டு, அவளுக்குச் சாப்பாடு கொடுக்க அரங்க வாசலுக்குப் போனேன். என்னைக் கண்டதும் புறங்கையை நீட்டினாள். மார்க்கர் பேனாவில் 31 என்று எழுதியிருந்தது.

"ஸெனெக், லிஸ்ட் வெச்சிருக்காங்க! இந்தப் பசங்க லிஸ்ட் வெச்சிருக்காங்க!"

அவள் முகத்தில் இருபது வயசு குறைந்திருந்தது. எங்கள் தலைமுறைக்கு லிஸ்ட் என்றால் என்னவென்று சொல்லவேண்டியதில்லை. கடையில் எதுவும் இல்லாத அந்தக் காலத்தில், ஃப்ரிட்ஜ் வரப்போகிறது என்று ஒரு வதந்தி போதும், மூடிய கடை வாசலில் வரிசை நின்றுவிடும். வாரக்கணக்கில் நிற்க முடியாது. எனவே ஒரு நோட்டு, ஒரு பொறுப்பாளர், எல்லோருக்கும் ஒரு எண். நாளுக்கு இரண்டு தடவை பெயர் கூப்பிடுவார்கள். 'இருக்கேன்' என்று குரல் கொடுக்கவேண்டும். குரல் வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள், அவ்வளவுதான், திரும்பக் கடைசியிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். என்னை அப்படி அடித்தவள் போகுஷா. எண்பத்து நான்காம் வருஷம், என் எண் நாற்பத்தொன்று. பக்கத்துத் தெருவில் ஒரு தண்ணீர்க் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். நான்கு நிமிஷம் தாமதம். நோட்டுப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற அந்தக் குள்ளப் பெண்ணிடம் எவ்வளவோ கெஞ்சினேன். "அடிச்சாச்சு" என்றாள். நூற்றுப் பன்னிரண்டாவது ஆளாக நின்றேன். என் முறை வந்தபோது ஃப்ரிட்ஜ் தீர்ந்துபோய்த் தையல் மெஷின்தான் இருந்தது. கிடைத்ததை வாங்குவதுதானே வழக்கம், வாங்கிவிட்டேன். எனக்குத் தைக்கத் தெரியாது. அவளுக்குத் தெரியும். இப்படித்தான் எங்களுக்குக் கல்யாணம் ஆயிற்று.

போஸ்னானில் நோட்டு வைத்திருந்தவள் யாக்னா என்ற பெண். மருந்தியல் படிக்கிறாள், நீல நிறத் தலைமுடி. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பெயர் கூப்பிட்டாள், ஆனால் அவள் குரல் அவள் சட்டைக் காலரைத் தாண்டவில்லை. வராதவனுக்காகக் காத்திருந்தாள், தாமதமாக வந்தவனிடம் 'பரவால்ல' என்றாள். போகுஷாவால் எவ்வளவு நேரம் பொறுத்துக்கொள்ள முடியும்?

"இது லிஸ்டா, கல்யாண விருந்தா? வர்றவங்க வரலாம், போறவங்க போகலாமா?"

"அப்ப நீங்களே கூப்பிடுங்களேன் அத்தை!" என்றான் முன்னால் நின்ற திமோன். நூற்றுத் தொண்ணூற்றேழு சென்டிமீட்டர், கண்ணாலேயே அளந்துவிட்டேன்.

விளையாட்டுக்குத்தான் சொன்னான். இவள் நோட்டை வாங்கிக்கொண்டாள். டிராமில் நிறுத்தங்களை அறிவித்துப் பழகிய குரல், தெருக்கோடி வரைக்கும் கேட்டது. நான்கு மணிக்கு அவள் கூப்பிட்டபோது மூன்றாம் எண்ணுக்குப் பதில் வரவில்லை. மூன்றாம் எண் யாக்னா. தண்ணீர் வாங்கப் போயிருந்தாள். ஐந்து நிமிஷம் கழித்து பாட்டில்களைச் சுமந்துகொண்டு ஓடிவந்தாள், அதில் பாதி மற்றவர்களுக்கு.

"அடிச்சாச்சும்மா" என்றாள் போகுஷா.

"அத்தை, இந்த லிஸ்டையே ஆரம்பிச்சது அவதான்" என்றான் திமோன்.

"அதனாலதான்."

யாக்னாவின் கண்கள் நிறைந்துவிட்டன. பாட்டில்களைக் கீழே வைத்துவிட்டுக் கடைசிக்குப் போனாள். எனக்கே மனசு கேட்கவில்லை. "கொஞ்சம் விட்டுக் குடுத்திருக்கலாம்" என்றேன். "ஒருத்திக்கு விட்டா அப்புறம் இது லிஸ்ட் இல்ல, வெறும் நோட்டு" என்றாள். ஆனால் தன் தெர்மோஸை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசிக்கு நடந்தாள். எலுமிச்சை பிழிந்த டீயை யாக்னாவுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தாள். எண்பத்து நான்கில் எனக்கும் அதே டீதான் வந்தது.

கதவு திறந்ததும் யாரும் ஓடவில்லை. எண் வரிசைப்படி போனார்கள். போகுஷாவுக்கு இரண்டாவது வரிசை, நேர் முன்னால் திமோன். அந்தப் பையன் பாவம் இரண்டு மணி நேரமும் கழுத்தைக் கோணலாக வைத்துக்கொண்டே நின்றானாம்.

"என்ன தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"டிரம்ஸ்காரரோட இடது காது" என்றாள். பாதி பெருமை, பாதி எரிச்சல்.

க்டான்ஸ்க்குக்கு முந்தின நாளே போய்விட்டோம். கச்சேரி பழைய கப்பல் கட்டும் தளத்தின் ஒரு கொட்டகையில். காலை ஆறு மணிக்கு அவள் வாசலில் இருந்தாள், கடற்பறவைகளைத் தவிர யாரும் இல்லை. தன் புறங்கையில் தானே 1 என்று எழுதிக்கொண்டாள். நான் ரொட்டியும் பொரித்த மீனும் வாங்கிக்கொண்டு வந்தபோது, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு மணிக்கு யாக்னா வந்தாள், எண் இரண்டு. கோபம் எல்லாம் போயிருந்தது. "நோட்டு உங்ககிட்டயே இருக்கட்டும் அத்தை. நீங்க எங்கயாவது போனா நான் கூப்பிடறேன்" என்றாள். எட்டு மணி, பத்து மணி, பன்னிரண்டு மணி, எல்லாம் ஒழுங்காக நடந்தது. பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டு முடித்ததும் போகுஷா பையைத் தோளில் மாட்டினாள்.

"வா, இன்னைக்கு உன்னோட கோபுரத்தைப் பாக்கலாம்."

நான் நம்பவில்லை.

"என்ன முழிக்கிறே? முப்பத்து மூணு வருஷமா நீயும் கூப்பிடறதை நிறுத்தல. இன்னைக்கு நான் நம்பர் ஒண்ணு. ரெண்டு மணி வரைக்கும் எனக்கு வேலையில்ல."

செங்கல் தேவாலயம் ஒன்றின் கோபுரம். நானூற்றுச் சொச்சம் படி. நூறு படிக்கு ஒரு தடவை நின்று, என்னையும் இதைக் கட்டினவனையும் சேர்த்துத் திட்டினாள். உச்சிக்குப் போனதும் பேச்சு நின்றுவிட்டது. சிவப்புக் கூரைகள், ஆறு, தூரத்தில் கப்பல் தளத்தின் பச்சைப் பாரந்தூக்கிகள், அதற்கும் அப்பால் கடல். நான் எப்போதும் கழுத்தில் மாட்டியிருக்கும் தொலைநோக்கியை வாங்கிக் கொட்டகை வாசலைத் தேடினாள். வரிசை எறும்புபோலத் தெரிந்தது. திமோனை மட்டும் அடையாளம் தெரிந்தது.

"எல்லா ஊர்லயும் இப்படித்தானா இருக்கும்?"

"எல்லா ஊர்லயும்."

"இதையெல்லாம் நீ தனியாவா பாத்துக்கிட்டு இருந்தே?" என்றாள்.

கீழே இறங்கியபோது மணி ஒன்று இருபத்தைந்து. முத்திரை போடும் ஜன்னல் மூடியிருந்தது. கண்ணாடியில் ஒரு அட்டை: 'இதோ வந்துவிடுகிறேன்.' இந்த நாட்டில் பிறந்த எவனும் அந்த அட்டையை நம்பமாட்டான். நான் நம்பினேன். தங்கப் பதக்கத்துக்கு எனக்கு அந்த ஒரு முத்திரைதான் பாக்கி.

"ரெண்டே நிமிஷம்" என்றேன்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். 'நீ இரு, நான் போறேன்' என்று சொல்லியிருக்கலாம். 'நீ போ' என்று நானாவது சொல்லியிருக்கலாம். இருவரும் சொல்லவில்லை. ஒன்று நாற்பத்தாறுக்கு அந்தப் பெண் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தாள், முத்திரையை இரண்டு தடவை மையில் ஒற்றி அழகாகப் போட்டாள். ஓடிப்போய் டிராம் ஏறினோம். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் தண்டவாளத்தின் மேல் எவனோ காரை நிறுத்திவிட்டுப் போயிருந்தான். எங்கள் ஓட்டுநர் மணியை அடித்தான், அடித்தான், அடித்துக்கொண்டே இருந்தான்.

"கையால பட்டனை அமுக்கறான் பாரு" என்றாள் போகுஷா. அப்புறம் இருவரும் இறங்கி ஓடினோம். அறுபது வயசில் அந்தக் குட்டைக் கால்களை வைத்துக்கொண்டு அவள் என்னைவிட முன்னால் ஓடினாள்.

இரண்டு மணி ஆறு நிமிஷத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். யாக்னா பட்டியலைக் கூப்பிட்டு முடித்திருந்தாள். முதல் பெயரை மட்டும் அடிக்காமல் விட்டிருந்தாள்.

"இருக்கேன்னு சொல்லிடுங்க அத்தை, முடிஞ்சுது" என்றாள் மெதுவாக.

"ஆமா அத்தை, ஆறு நிமிஷம்தானே? யாரும் எதுவும் சொல்ல மாட்டோம்" என்றான் திமோன். பின்னாலிருந்தும் குரல்கள் வந்தன. யாரும் சொல்லமாட்டார்கள்தான். நூற்று எண்பது பேர் நின்ற அந்த வரிசையில் ஒருவருக்குக்கூட ஆட்சேபணை இல்லை.

போகுஷா மூச்சு வாங்கிக்கொண்டே நோட்டைக் கேட்டாள். யாக்னா கொடுக்கவில்லை. பிடித்து வாங்கினாள். முதல் வரியில் தன் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தாள். கோடு நேராகத்தான் போயிற்று.

"போஸ்னான்ல உன்னை அடிச்சேன்ல?" என்றாள் யாக்னாவிடம்.

"அதுக்குப் பழிவாங்கணும்னு நான் நினைக்கலையே!"

"தெரியும்மா. அதான் நானே அடிச்சேன்."

கடைசியில் எழுதப்பட்ட எண் நூற்று எண்பத்தாறு. அதன் கீழே 187 என்று தன் பெயரை எழுதிவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள். கையிலிருந்த 1-ஐ எச்சில் தொட்டு அழிக்கப் பார்த்தாள், அது போகவில்லை. மேலேயே 187 எழுதிக்கொண்டு நீள வரிசையின் ஓரமாக நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். என் பையில் அந்த முத்திரை இருந்தது. அந்தக் குறிப்பேட்டைக் கப்பல் தளத்துத் தண்ணீரில் வீசி எறிந்துவிடலாம் போல இருந்தது எனக்கு.

"திட்டிடு போகுஷா. நாலு வார்த்தை திட்டு."

"எண்பத்து நாலுல நாலு நிமிஷம். இப்ப ஆறு நிமிஷம். முன்னேறிட்டே" என்றாள். சிரிக்க முயற்சி செய்தாள். முகம் ஒத்துழைக்கவில்லை. அப்போதுதான் இரண்டாவது தடவையாக அவள் அழுததைப் பார்த்தேன்.

பிறகு கேட்டேன்: "அந்த இன்னொரு டிக்கெட்டை வித்துட்டியா?"

"இல்ல. நான் உள்ளே போற வரைக்கும் விக்க மாட்டேன். எப்பவுமே அப்படித்தான்."

"எதுக்கு?"

"நீ மனசு மாறி வந்தீன்னா?"

முப்பத்து மூன்று வருஷம், அறுபத்து மூன்று கச்சேரி, ஒவ்வொரு தடவையும் உள்ளே போகிறவரை. நான் புறங்கையை நீட்டினேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மார்க்கர் பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றினாள். 188 என்று எழுதினாள்.

ஐந்து மணிக்குக் கதவு திறந்தது. நாங்கள் உள்ளே போனபோது கொட்டகை முன்பாதி நிறைந்திருந்தது. அவளுக்குத் தெரிந்த அதே முதுகுகள். யாக்னா முன்வரிசைக் கம்பித் தடுப்பிலிருந்து திரும்பிக் கையாட்டினாள். போகுஷா பதிலுக்குக் கையாட்டினாள், அது அவர்கள் யாருக்கும் தெரிந்திருக்காது. நான் வழக்கம்போல அளக்க ஆரம்பித்தேன். எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் எனக்கு அந்தப் புத்தி வந்துவிடும். மேடை தரையிலிருந்து ஒரு மீட்டர் அறுபது. டிரம்ஸ் மேடை விளிம்பிலிருந்து ஆறு மீட்டர் உள்ளே. போகுஷாவின் கண் மட்டம் ஒரு மீட்டர் முப்பத்தெட்டு.

"போகுஷா" என்றேன். "நம்பர் ஒண்ணா நின்னிருந்தாலும் அந்தக் கால் உனக்குத் தெரிஞ்சிருக்காது."

"சமாதானம் சொல்றியா?"

"கணக்கு சொல்றேன். உன் கண்ணைவிட மேடைத் தரை ஒசரம். கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னா பாடறவனோட ஷூ தெரியும். பின்னால தரையில இருக்கறது எதுவும் தெரியாது. எந்த அரங்கத்துலயும் தெரியாது. பின்னாடி போகணும், மேலே ஏறணும்."

அவள் மேடையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். டிராம் ஓட்டியவள், தூரமும் உயரமும் அவளுக்குத் தெரியும். நான் சொல்வது சரி என்று அவள் கண்ணில் தெரிந்தது. அதோடு இன்னொன்றும் தெரிந்தது, அதை அவள் வாய்விட்டே கேட்டாள்: "இதை முப்பத்து மூணு வருஷம் முன்னாடி வந்து சொல்றதுக்கென்ன?"

பின்சுவரை ஒட்டி, கப்பல் தளம் ஓடிய காலத்தில் ஏதோ பெரிய இயந்திரத்தைப் பொருத்தியிருந்த கான்கிரீட் மேடை ஒன்று இருந்தது. ஒரு மீட்டர் இருபது இருக்கும். நாலைந்து கோட்டுகளும் காலிக் கோப்பைகளும் அதன்மேல் கிடந்தன. யாரும் அதை ஓர் இடமாகவே நினைக்கவில்லை. கோட்டுகளை ஒதுக்கினேன். இரண்டு கையையும் கோத்துப் படிபோலப் பிடித்தேன். "முதுகு போயிடப் போகுது" என்று திட்டிக்கொண்டே ஏறினாள். எழுந்து நின்றாள். இத்தனை வருஷத்தில் முதன்முதலாக அவளுக்கு முன்னால் ஒரு முதுகும் இல்லை. நான் எப்படி மேலே வந்தேன் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறேன். தொலைநோக்கியைக் கழற்றி அவள் கழுத்தில் மாட்டினேன்.

ஏழு மணிக்கு ஆரம்பித்தது. கூரையோரக் கண்ணாடிகள் வழியே வெயில் இன்னும் உள்ளே விழுந்துகொண்டிருந்தது. சத்தம் நான் பயந்த அளவுக்கு இல்லை என்று எழுதினால் பொய். காது இரண்டும் போயிற்று. ஒன்பதாவது பாட்டு 'நாலரை மணி'. கூட்டமே சேர்ந்து பாடியது. போகுஷா மட்டும் பாடவில்லை, தொலைநோக்கியைக் கண்ணில் வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லா வாத்தியமும் நின்றது.

மணி அடித்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

"குதிகால்!" என்று கத்தினாள். அந்த அமைதியில் கொட்டகை முழுக்கக் கேட்டிருக்கும். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "குதிகால்தான் ஸெனெக்! பழுப்பு ஷூ, பின்பக்கம் தேஞ்சிருக்கு! நல்லா ஊனி அழுத்தறான்யா! கெரார்ட் செத்தான்!"

பாட்டு திரும்ப ஆரம்பித்தது. அவள் தொலைநோக்கியை இறக்கவில்லை. வலது கையால் அதைப் பிடித்துக்கொண்டு இடது கையால் என் சட்டையைத் தேடினாள். சங்கடமாக இருந்தது எனக்கு. சந்தோஷமாகவும் இருந்தது. இத்தனை ஊர், இத்தனை கோபுரம், ஒவ்வொன்றின் உச்சியிலும் நின்று நான் எதை அளந்துகொண்டிருந்தேன்?

மேடையிலிருந்து கண்ணை எடுக்காமலே, டிராம் நிறுத்தத்தை அறிவிக்கும் அந்தக் குரலில் கூப்பிட்டாள்:

"நூத்தி எண்பத்தெட்டு?"

"இருக்கேன்" என்றேன்.